பறித்தாகிவிட்டது, அப்புறம்?

2015 டிசம்பரில் மும்பையில் ஒரு பழைய ஹூண்டாய் ஆக்சென்ட் கார் ஏலத்துக்கு வந்தது. தாவூத் இப்ராகிமின் சொத்து என்று அரசு பறிமுதல் செய்திருந்த கார். அகில பாரத இந்து மகாசபைத் தலைவர் அதை 32,000 ரூபாய்க்கு எடுத்தார். ஆம்புலன்ஸாக ஓட்டப்போவதாகத்தான் முதலில் சொல்லியிருந்தார். சில நாட்கள் கழித்து காஜியாபாத்தில், கேமராக்கள் சூழ, அந்தக் காரைக் கொளுத்தினார்.

அதே ஏலத்தில் பாக்மோடியா தெருவில் இருந்த ரவுனக் அஃப்ரோஸ் என்ற ஹோட்டலும் வந்தது. முன்னாள் பத்திரிகையாளர் ஒருவர் 4.28 கோடி ரூபாய்க்குக் கேட்டு ஏலத்தை வென்றார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்துவது அவர் திட்டம். மீதிப் பணத்தைத் திரட்ட முடியவில்லை, ஹோட்டல் கைநழுவிப் போனது. 2017 நவம்பரில் அதே ஹோட்டலும் இன்னும் இரண்டு கட்டடங்களும் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது, பெண்டி பஜாரைப் புதுப்பித்துக் கட்டிவரும் சைஃபி புர்ஹானி அறக்கட்டளை மூன்றையும் 11.58 கோடிக்கு வாங்கியது.

ஆம்புலன்ஸ், பயிற்சி மையம் என்று இரண்டு நல்ல எண்ணங்கள் இருந்தன. ஒன்று தீயில் போனது, மற்றது பணமில்லாமல் போனது. குற்றவாளியின் சொத்தை ஊருக்குப் பயன்படுத்துவதை, ஏலத்தில் யாராவது ஒரு நல்ல மனிதர் வந்து கையைத் தூக்குவார் என்று விட்டுவிட்டால் இப்படித்தான் முடியும். சொத்தைப் பறிப்பதற்கு நம்மிடம் சட்டங்கள் நிறைய உண்டு. பறித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் நாலைந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் எது, எப்போது பொருந்தும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்னத் தெளிவு. செய்தித்தாளில் 'அமலாக்கத் துறை இத்தனை கோடி சொத்துகளை முடக்கியது' என்று வந்தால், அது இன்னும் அரசின் சொத்து ஆகிவிடவில்லை. முடக்கம் என்றால் விற்கக்கூடாது, மாற்றக்கூடாது என்ற தடை. பறிமுதல் அதற்குப் பின்னால், பல வருடம் கழித்து, சில நேரம் வராமலே கூடப் போகும். இங்கே பேசுவதெல்லாம் பறிமுதல் முடிந்த சொத்துகளைப் பற்றி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரும் வினையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வழி, நம் ஊரில் பழகிய வழி: ஏலம் விட்டுப் பணத்தைக் கஜானாவில் சேர்ப்பது. சுலபம், கணக்கு சுத்தம், பராமரிப்புத் தொல்லை இல்லை. ஆனால் ஏலம் என்பது வாங்குபவன் பயப்படாமல் வந்தால்தான் நடக்கும். தாவூத் சொத்துகளுக்கு 2000 டிசம்பரில் நடந்த ஏலத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. அடுத்த வருடம் டெல்லி வழக்கறிஞர் ஒருவர் துணிந்து நாக்பாடாவில் இரண்டு கடைகளை எடுத்தார். சாவி கைக்கு வராமல் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார். இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 2024 ஜனவரியில் ரத்னகிரி மாவட்டத்தில் தாவூத் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த ஒரு துண்டு நிலம், 15,440 ரூபாய் ஆரம்ப விலையில் வைக்கப்பட்டு, 2.01 கோடிக்குப் போனது. நிலத்துக்காகவா அந்த விலை? இல்லை, பெயருக்காக. அதே ஏலத்தில் வேறு இரண்டு மனைகளைக் கேட்க ஆளே இல்லை. ஆக, விலை சொத்தின் மதிப்பைச் சொல்லாமல் பயத்தையும் பகட்டையும் சொல்கிறது.

பயந்து யாரும் வராத ஏலத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. வேறு யாரும் கேட்காதபோது, பழைய முதலாளியே மச்சான் பேரிலோ டிரைவர் பேரிலோ வந்து அடிமாட்டு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பினாமி என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாஃபியாவிடம் சொத்துகளைப் பறிக்கும் இத்தாலிக்காரர்களும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் விற்பனையைக் கடைசி வழியாக வைத்தார்கள். 2018-ல் அங்கே ஓர் அவசரச் சட்டம் தனியாருக்கு விற்பதைச் சற்றுத் தளர்த்தியபோது, மாஃபியா எதிர்ப்பு அமைப்புகள் கொதித்ததும் இதனால்தான்.

இரண்டாவது வழி: விற்ற பணத்தைக் கஜானாவில் கரைய விடாமல் தனி நிதியாக வைப்பது. ஸ்காட்லாந்து 2008 முதல் இப்படிச் செய்கிறது. 2002-ன் குற்ற வருமானச் சட்டத்தின் கீழ் பறித்த பணம் 'கேஷ்பேக் ஃபார் கம்யூனிட்டீஸ்' என்ற திட்டத்துக்குப் போகிறது. கால்பந்து, ரக்பி, இளைஞர் மன்றங்கள், வேலைப் பயிற்சி என்று, குற்றம் அதிகம் பாதித்த பகுதிகளின் பிள்ளைகளுக்குச் செலவாகிறது. பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் இதுவரை ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது, ஏனென்றால் நிர்வாகச் சுமை குறைவு, ரொக்கம், கார், நகை, படகு எதுவானாலும் பொருந்தும். ஒரே குறை, கண்ணுக்குத் தெரியாது. கால்பந்து விளையாடும் பையனுக்கு அந்தப் பந்து எந்தக் கஞ்சா வியாபாரியின் காசில் வந்தது என்று தெரியப்போவதில்லை. தெரிய வேண்டுமா என்றால், அது ஊரைப் பொறுத்தது.

மூன்றாவதை வேகமாகத் தாண்டிவிடலாம்: பறித்தவருக்கே பங்கு. அமெரிக்காவில் 1984 சட்டத்துக்குப் பிறகு, உள்ளூர்ப் போலீஸ் மத்திய அரசோடு சேர்ந்து பறிக்கும் சொத்தில் பெரும் பங்கு அந்தப் போலீஸுக்கே திரும்புகிறது. இங்கிலாந்திலும் போலீஸ், வழக்குத் தொடுப்பவர், நீதிமன்றம் எல்லோருக்கும் பங்கு பிரிக்கும் திட்டம் உண்டு. வேலைக்காரனுக்கு ஊக்கம் கிடைக்கும் என்பது வாதம். கிடைக்கத்தான் செய்கிறது, அளவுக்கு மீறியே கிடைக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சிறிய அளவில் போதைப் பொருள் விற்ற ஒருவரின் 42,000 டாலர் லேண்ட் ரோவரைப் பறித்தார்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச அபராதமே 10,000 டாலர்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. வலை போடுகிறவனே மீனையும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், அவன் மீன் அதிகம் உள்ள பக்கம்தான் வலை போடுவான். இந்தியாவுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

நாலாவது, பாதிக்கப்பட்டவரிடம் திருப்பிக் கொடுப்பது. இது எங்களுக்கு வீட்டுக் கதை. எங்கள் சித்தப்பா ஈமு கோழியில் பணம் போட்டவர். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோது, கோழிகளுக்குத் தீனி போடக்கூட ஆள் இல்லாமல் அரசு கால்நடைத் துறை இறங்க வேண்டியிருந்தது. சித்தப்பாவின் கையில் மிஞ்சியது ஒரு ரசீதும் ஒரு வழக்கு எண்ணும். அவரிடம் போய், "அந்தப் பண்ணை முதலாளியின் பங்களாவை ஊர் நூலகமாக்கலாம் சித்தப்பா" என்று சொன்னால் என்ன சொல்வார்? "நல்லதுதான், என் காசில் வாங்கிய கட்டடத்தில் உட்கார்ந்து நீ படி" என்பார்.

அவர் சொல்வது சரிதான். பெயர் தெரிந்த, தொகை தெரிந்த பாதிக்கப்பட்டவர் இருக்கும் இடத்தில் சமூகப் பயன்பாடு என்பதே இன்னொரு திருட்டு. தமிழ்நாடு இதை முன்பே புரிந்துகொண்டது. நிதி நிறுவன மோசடிகளில் முதலீட்டாளர் நலனைக் காக்கும் சட்டம் 1997-ல் இங்கே வந்தது. சென்னை, மதுரை, கோவை சிறப்பு நீதிமன்றங்கள் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கிடைத்ததை முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கும். மத்தியில் பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் உரியவருக்குத் திருப்பித்தர இடமுண்டு. அமலாக்கத் துறை 22,280 கோடி ரூபாய் சொத்துகளைத் திருப்பிக் கொடுத்திருப்பதாக நிதியமைச்சர் 2024 டிசம்பரில் மக்களவையில் சொன்னார். அதில் விஜய் மல்லையாவின் சொத்துகள் மட்டுமே 14,131.6 கோடி, அவை பொதுத்துறை வங்கிகளுக்குப் போயின. வங்கி வேகமாக வாங்கிக்கொள்கிறது, சித்தப்பா வரிசையில் நிற்கிறார். அது வேறு கதை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆம் பிரிவு இதை இன்னும் கீழே கொண்டுவந்திருக்கிறது. குற்றத்தில் சம்பாதித்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தால், மாவட்ட ஆட்சியர் அதைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 60 நாளுக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை, அல்லது கொடுத்தது போக மிச்சம் இருக்கிறது என்றால்? அது அரசுக்குப் போகும். அவ்வளவுதான், அங்கே சட்டம் நின்றுவிடுகிறது. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஏனென்றால் எல்லாக் குற்றத்துக்கும் ரசீது வைத்திருக்கும் சித்தப்பா கிடைக்க மாட்டார். மணல் அள்ளி ஆறு போனது, போதைப் பொருளில் ஒரு தெருவின் பிள்ளைகள் போனார்கள், மிரட்டலில் ஒரு பஜாரே பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை. இதற்கெல்லாம் யார் மனு போடுவது? இங்கே பாதிக்கப்பட்டது ஊர்.

ஐந்தாவது வழி, சொத்தை ஊருக்கே கொடுப்பது. இந்த இடத்தில்தான் இத்தாலியைப் பார்க்க வேண்டும். சிசிலியைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோரே, மாஃபியாவை வீழ்த்த ஆளைப் பிடித்தால் போதாது, சொத்தைப் பிடிக்க வேண்டும் என்று சட்ட முன்வரைவு எழுதினார். 1982 ஏப்ரல் 30 அன்று பலெர்மோவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாஃபியாவை ஒடுக்க அங்கே அனுப்பப்பட்ட ஜெனரல் டல்லா கியேசாவை செப்டம்பர் 3 அன்று கொன்றார்கள். பத்து நாளில், செப்டம்பர் 13 அன்று, சட்டம் நிறைவேறியது. ஆனால் அது பறிக்கும் சட்டம் மட்டுமே. பறித்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டைப் பார்த்து ஊர் என்ன நினைத்தது? 'அவன் இருந்தபோது விளக்காவது எரிந்தது' என்றுதான்.

1995-ல் பாதிரியார் லூயிஜி சோட்டி தொடங்கிய லிபேரா என்ற அமைப்பு, இதற்காகப் பத்து லட்சம் கையெழுத்து திரட்டியது. 1996 மார்ச்சில் 109-ஆம் எண் சட்டம் வந்தது. அதன் சாரம் எளிமையானது. வீடும் நிலமும் ஒன்று அரசின் காவல், நீதி, பேரிடர்ப் பணிக்கு. இல்லாவிட்டால் அந்தந்த நகராட்சிக்கு. நகராட்சி தானே பயன்படுத்தலாம், அல்லது கூட்டுறவு, தொண்டு அமைப்புகளுக்கு வாடகையில்லாமல் கொடுக்கலாம். குறித்த காலத்துக்குள் ஒன்றும் செய்யாவிட்டால் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வழியுண்டு. 2010-ல் இதற்கென்றே ஒரு தேசிய முகமையும் ரெஜ்ஜியோ கலாப்ரியாவில் வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூக அமைப்புகள் இப்படிப்பட்ட சொத்துகளை நடத்துகின்றன.

என்னென்ன ஆகியிருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ரோமில் மாலியானா கும்பலின் பணப்பெட்டியாக இருந்தவரின் மாளிகை 2005 முதல் ஜாஸ் இசை அரங்கம். நேப்பிள்ஸ் பக்கம் கசால் தி பிரின்சிப்பே என்ற ஊரில் கமோர்ரா என்ற அந்தப் பகுதி மாஃபியாவின் தலைவர் ஒருவரது வில்லா, கைமாறுவதற்கு முன் உள்ளே தீ வைத்து நாசமாக்கப்பட்டது. அதைப் பழுதுபார்த்துச் சிகிச்சை மையமாக்கினார்கள். அதே ஊரில் 1994-ல் கும்பலால் கொல்லப்பட்ட பாதிரியார் பெப்பே தியானாவின் பெயரில் இன்னொரு வீடு இயங்குகிறது. 2015-ல் புளோரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகம் தன் ஓவியங்களை அங்கே கண்காட்சிக்கு அனுப்பியது. கும்பலின் பெயர் கேட்டாலே வெளியூர்க்காரன் ஒதுங்கிய ஊர் அது. அங்கே ஓவியம் பார்க்க வரிசை.

சிசிலியில் கதை நிலத்தைப் பற்றியது. கொர்லியோனேயில் விவசாயிகளுக்கு நிலம் கேட்டுப் போராடிய தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரிட்சொட்டோவை 1948-ல் கொன்றார்கள். 2001-ல் அவர் பெயரில் ஒரு கூட்டுறவு தொடங்கி, மாஃபியாத் தலைவர்களிடம் பறித்த வயல்களிலேயே கோதுமையும் திராட்சையும் போட்டது. அங்கிருந்து வரும் ஒயினுக்குப் பெயர் சென்தோபாஸி, அதாவது நூறு காலடி. சீனிசி ஊரில் 1978-ல் கொல்லப்பட்ட பெப்பினோ இம்பஸ்தாத்தோ என்ற இளைஞரின் வீட்டுக்கும், அவர் வானொலியில் கேலி செய்துவந்த தலைவர் பதாலமெந்தியின் வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் அது. பதாலமெந்தியின் வீடும் இப்போது ஊர்ச் சொத்து.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதை நம் ஊருக்குச் சிபாரிசு செய்கிறவன் மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 கோடையில் இந்தக் கூட்டுறவுகளின் ஆரஞ்சு, ஆலிவ் தோப்புகள் கொளுத்தப்பட்டன. தாமதம் பயங்கரம்: முடக்கத்துக்கும் ஒப்படைப்புக்கும் நடுவே பல வருடங்கள் ஓடிவிடும், அதற்குள் கூரை ஒழுகி, ஜன்னல்களையும் குழாய்களையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். பழுதுபார்க்க நகராட்சியிடம் பணம் இருக்காது. பலெர்மோவில் சொத்து முடக்க வழக்குகளைப் பார்த்த பிரிவின் தலைமை நீதிபதியே, வேண்டியவர்களை நிர்வாகிகளாக நியமித்த விவகாரத்தில் 2015-ல் விசாரணைக்குள்ளாகி, 2020-ல் தண்டனை பெற்றார். மாஃபியாவிடமிருந்து மீட்ட சொத்தை வைத்து நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு வியாபாரம்!

எல்லாவற்றையும்விடக் கடினம், ஓடிக்கொண்டிருக்கும் தொழில்களைப் பறிப்பது. பெரும்பாலானவை மூடிவிடும். ஊழியருக்கு முறையான சம்பளம், வரி, பில் என்று ஆரம்பித்தவுடன் செலவு ஏறும். வங்கி கடனை நிறுத்தும். பழைய முதலாளிக்குப் பயந்து வாங்கியவர்கள் வாங்குவதை நிறுத்துவார்கள். சிசிலியின் திரப்பானியில் கல்செஸ்த்ருட்சி எரிச்சினா என்ற கான்கிரீட் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. மாஃபியாத் தலைவரிடமிருந்து பறித்த நிறுவனம். ஆர்டர் கொடுக்காதே என்று ஒப்பந்ததாரர்களுக்கு மேலிடத்து உத்தரவு. நிறுவனம் திவாலாகும், சல்லிசாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஃபுல்வியோ சொடானோ என்ற அரசுப் பிரதிநிதி குறுக்கே நின்றார். அவரை மாற்றினார்கள். ஆனால் தொழிலாளர்கள் விடவில்லை. கூட்டுறவாகச் சேர்ந்து, கட்டட இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் ஆலையாக அதை 2009-ல் மறுபடி ஓட்டினார்கள். ஏலத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும், விடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே நிறுவனம் சாட்சி.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று சொல்ல முடியாது. பீகார் 2009-ல் சிறப்பு நீதிமன்றச் சட்டம் கொண்டுவந்தது. வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக வழக்குள்ள ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் மூன்று மாடி வீட்டை 2011-ல் பறிமுதல் செய்து, பாட்னா ருகன்புராவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். பிரயாக்ராஜில் ரவுடியாக இருந்து அரசியல்வாதியான அதிக் அகமதின் பிடியிலிருந்து மீட்டதாக உத்தரப் பிரதேச அரசு சொன்ன லூக்கர்கஞ்ச் நிலத்தில் 76 வீடுகள் கட்டி, 2023 ஜூனில் ஏழைக் குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள்.

இரண்டுமே பார்க்க இத்தாலி மாதிரிதான். ஆனால் முன்னால் சொன்ன குழப்பம் இங்கேதான் வருகிறது. பீகார் சட்டத்தில் தண்டனைக்கு முன்பே, விசாரணை நடக்கும்போதே பறிமுதல் செய்யலாம். உச்ச நீதிமன்றம் 2015-ல் இதை ஏற்றுக்கொண்டது. பின்னால் விடுதலையானால் சொத்தைத் திருப்ப வேண்டும், முடியாவிட்டால் விலையோடு 5 சதவீத வட்டி. சரி, அந்த வீட்டில் நூறு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால்? பள்ளியைக் காலி செய்வதா, வட்டியோடு பணம் கொடுப்பதா? உத்தரப் பிரதேசத்திலோ வீடு கட்டிக்கொடுத்ததைவிட வீடு இடித்ததற்குத்தான் பேர் அதிகம். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக மட்டும் வீட்டை இடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. இத்தாலியிலும் குற்றத் தண்டனை இல்லாமலே சொத்தைப் பறிக்க வழியுண்டு. ஆனால் அது தனி விசாரணை, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகுதான் நகராட்சி கைக்கு வருகிறது. அந்தத் தாமதத்தை மேலே திட்டினேன். அதில் ஒரு பகுதி நியாயமான தாமதம்.

அப்படியானால் என் கைக்கு ஒரு பறிமுதல் சொத்து வந்தால் என்ன செய்வேன்? முதலில் ரசீதோடு நிற்கும் சித்தப்பாக்கள் உண்டா என்று பார்ப்பேன். உண்டென்றால் விற்பது, பிரிப்பது, வேறு பேச்சு இல்லை. இல்லை என்றால், ரொக்கம், கார், நகை எல்லாம் ஸ்காட்லாந்து வழியில் அந்தந்த மாவட்டத்து நிதிக்கு. நிலமும் கட்டடமும், அதுவும் ஊர் முழுக்க 'அவன் வீடு' என்று விரல் நீட்டும் கட்டடமாக இருந்தால், விற்கவே மாட்டேன். அந்த ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ போக வேண்டும், பழுதுபார்க்கும் பணத்தோடு சேர்த்து. பணம் இல்லாமல் சாவி மட்டும் கொடுப்பது ஊருக்குக் கடன் கொடுப்பது போல. இத்தாலி இங்கேதான் அதிகம் சறுக்கியது. ஆனால் விற்கும் சொத்துகளின் நிதியிலிருந்தே விற்காத சொத்துகளைப் பழுதுபார்க்கலாமே. ஓடும் தொழில்களைப் பொறுத்தவரை, உள்ளே வேலை செய்கிறவர்கள் எடுத்து நடத்த முன்வந்தால் மட்டும் காப்பாற்றப் பார்ப்பேன், இல்லாவிட்டால் எந்திரங்களை விற்றுவிடுவேன்.

இன்னொன்று: பட்டியல். இத்தாலியச் சட்டப்படி நகராட்சிகள் தங்களிடம் வந்த பறிமுதல் சொத்துகளை, எது யாரிடம், எதற்காக, எத்தனை வருடத்துக்கு என்று பொதுவில் வெளியிட வேண்டும். பல நகராட்சிகள் செய்வதில்லை, லிபேரா ஊர் ஊராக எண்ணி அதை அம்பலப்படுத்துகிறது. நம்மிடம் 107-ஆம் பிரிவின் கீழ் ஆட்சியர் கைக்கு வரும் சொத்துக்கு அப்படியொரு பட்டியல் வைக்கப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். எங்கள் தாலுகாவில் சீல் வைத்த கட்டடம் ஒன்று இருக்கிறது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது யாருடையது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. வாசலில் வேப்பங்கன்று ஒன்று முளைத்து, கதவைவிட உயரமாக வளர்ந்துவிட்டது.